துறை: ஒன்றை மட்டும் குறிப்பிடவும்

ஜூலை பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு, வித்யாமேரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு மூன்றாம் எண் ஜன்னலில், ஃபஸீலாவின் ஆறு வருட உழைப்பு ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் திரும்பி வந்தது.

கட்டம் என்றால் பெரிய கட்டம்கூட இல்லை. தீப்பெட்டி லேபிளில் பாதி இருக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவத்தில், "துறை: ஒன்றை மட்டும் குறிப்பிடவும்" என்று கேட்டிருந்தார்கள். ஃபஸீலா எறும்பு எழுத்தில் "வேதியியல் மற்றும் கணினி அறிவியல்" என்று எழுதியிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த அமல்ராஜ். பிரிவு எழுத்தர். துணைவேந்தர்கள் நாலு பேரை வழியனுப்பி வைத்த அனுபவஸ்தர்.

"ரெண்டு துறையிலயும்தான் சார் வேலை பண்ணேன்."

"பண்ணது பண்ணிகினே. எயிதறது ஒண்ணுதான் எயிதணும். இங்க பாரு." திரையை அவள் பக்கம் திருப்பினார். வேதியியலைத் தொட்டார், கணினி அறிவியல் அணைந்தது. கணினி அறிவியலைத் தொட்டார், வேதியியல் அணைந்தது. மறுபடி, மறுபடி. "எனக்கு இன்னாம்மா, ரெண்டு இல்ல, நாலுகூட போடுவேன். அது வாங்க மாட்டேங்குது."

"அப்ப ஏதாவது ஒண்ணு போட்டுடட்டுமா சார்?"

"போடு. போட்டுகினு அந்தத் துறைத்தலைவராண்ட போயி, இந்தப் பொண்ணு எங்க துறைதான்னு கையெயுத்து வாங்கிகினு வா. முப்பத்தொண்ணு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உன் பதிவு உயிரோட கீது. ஆறு வருசம் முடிஞ்சி ஒரு நிமிசம் ஆனாலும் செத்துரும். அப்பால முதல்லேர்ந்து நுழைவுத் தேர்வு எயிதிகினு வரணும்."

பத்தொன்பது நாள். ஒரு கையெழுத்து. ஃபஸீலாவுக்கு அப்போதே வலது கால் ஆட ஆரம்பித்துவிட்டது. தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடும் அந்தக் கால். உட்கார்ந்தாலும் ஆடும், நின்றாலும் உள்ளுக்குள் ஆடும்.

அவள் செய்த ஆராய்ச்சியைச் சொல்லிவிட வேண்டும். அவளுடைய அத்தா நஜீர், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆசிட் கடை வைத்திருக்கிறார். முன்னால் பினாயில், பிளீச்சிங் பவுடர். பின்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புக்கு முலாம் பூசும் பட்டறைகளுக்குப் போகும் நீலக் கேன்கள். முலாம் பூசுவதற்கு முன்னால் இரும்பை அமிலத் தொட்டியில் முக்கித் துருவை எடுப்பார்கள். அமிலத்துக்குத் துரு எது இரும்பு எது என்று பாகுபாடு கிடையாது. துருவை முடித்துவிட்டு, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கும் உட்காருகிறவரைப் போல, இரும்பிலும் கை வைக்கும். "பாய், உன் ஆசிட்டு துருவத் துன்னுன்னா போல்ட்டையே துன்னுட்டுப் போவுது" என்று பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

ஒரு சில பொருள்களைச் சிட்டிகை கலந்தால் அமிலம் துருவோடு நிறுத்திக்கொள்ளும். அது எந்தப் பொருள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆயுசு பத்தாது. ஃபஸீலா பதினோராயிரம் மூலக்கூறுகளின் ஜாதகத்தைக் கணினிக்குப் பழக்கி, தேறக்கூடியது நாற்பது என்று பொறுக்க வைத்தாள். பிறகு அந்த நாற்பதையும் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் கலந்து, இரும்புப் பட்டைகளைத் தொங்கவிட்டு, எடை குறைகிறதா என்று பார்த்தாள். ஆறு தேறியது. கணினி இல்லையென்றால் நாற்பது வந்திருக்காது, அமிலம் இல்லையென்றால் ஆறு வந்திருக்காது. பூந்தமல்லி மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வந்தவரை நிறுத்திச் சொன்னாலும் புரிந்துவிடும். புரியாதவர்கள் வேண்டுமென்றால் விளம்பரம் கொடுத்து, நேர்முகம் நடத்தித்தான் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் அதைச் செய்திருந்தது.

வேதியியல் கட்டடத்து வாசலில் ஒரு பலகை: "மூடிய காலணி அணியாதவர்க்கு அனுமதி இல்லை." கணினிக் கட்டடத்து வாசலில் ஒரு பலகை: "காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்." இரண்டுக்கும் நடுவில் நூற்றெண்பது அடி. ஆறு வருடமாக ஃபஸீலா நாளைக்கு எட்டு தடவை ஷூ மாட்டினாள், எட்டு தடவை கழற்றினாள். காலை ஒன்பது மணிக்கு இரண்டு கட்டடத்திலும் வருகைப்பதிவுக்கு விரல் வைக்க வேண்டும் என்பதால், ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவள் ஓடுவதை வைத்துக் காவலாளி தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்ன வழிகாட்டி அய்யாசாமி, நாலாவது வருடம் ஓய்வு பெற்று, கொரட்டூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு கனடா போய்விட்டார். அங்கிருந்து பனியில் நிற்கிற படம் மட்டும் அனுப்புவார்.

முதலில் வேதியியல். துறைத்தலைவர் வெற்றிச்செல்வன் ஆய்வேட்டை வாங்கினார். படிக்கவில்லை, முகர்ந்தார்.

"வாசனையே இல்லையேம்மா."

"புதுசா பைண்ட் பண்ணது சார்."

"நான் அந்த வாசனையைச் சொல்லலை. என் ஆய்வேட்டை இன்னைக்குத் திறந்தாலும் பிரிடின் நாத்தம் அடிக்கும். வீட்டுக்குள்ள வெக்க விடமாட்டாங்க. மொட்டை மாடியில தண்ணித்தொட்டி மேல வெச்சிருக்கேன். அதும்மா வேதியியல்."

சுவரில் ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைக் காட்டினார். அது கோட்டாக இருந்து ஓட்டைகளாக மாறிக்கொண்டிருந்தது. "இது தொண்ணூத்தி நாலு நவம்பர், கந்தக அமிலம். இது தொண்ணூத்தி ஆறு, நைட்ரிக். உன் கோட்டுல எத்தனை ஓட்டை?"

"ரெண்டு சார்."

"பதினோராயிரம் மூலக்கூறு, ரெண்டு ஓட்டை. கணக்கு உதைக்குதே." ஒரு பக்கத்தைப் புரட்டினார். "பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது மூலக்கூறை நீ நேர்ல பார்க்காமலே நிராகரிச்சிருக்கே. அதுங்க தரப்பு என்னன்னு கேட்டியா?"

"கணினி கணிச்சுது சார். நீங்க ஒரு தடவை லேபுக்கு வந்து பட்டைகளைப் பார்த்தா..."

"நான் லேபுக்குள்ள போய்ப் பன்னண்டு வருஷம் ஆச்சும்மா. தலைவரானவன் அறையை விட்டு எழுந்துட்டா கோப்பு யார் பார்க்கறது? கணினி கணிச்சுதுன்னா அந்த மேடத்தையே போய்ப் பாரு."

அந்த மேடம் முனைவர் ராதிகா. கணினி அறிவியல் துறைத்தலைவர். அறை, தயிர் வைத்தால் புளிக்காத குளிர். ஃபஸீலா வெறுங்காலை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு நின்றாள். ஆய்வேட்டின் கடைசியில் உறை போட்டு இணைத்திருந்த ஆறு இரும்புப் பட்டைகளை ராதிகா இரண்டு விரலால் தூக்கினார்.

"இது என்ன?"

"ஆதாரம் மேடம். அமிலத்துல எட்டு மணி நேரம் தொங்கியும் கரையாதது."

"ஸ்கேன் பண்ணி அப்லோட் பண்ணிடுங்க. எங்க துறையில ஆதாரம் எல்லாம் பி.டி.எஃப்ல மட்டும்தான்." பிறகு ஆய்வேட்டை, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஓடவிட்டார். அறுபத்தொரு சதவீதம் என்று வந்தது. "ஃபஸீலா, ஐ ஆம் ஷாக்டு. 'ஹைட்ரோகுளோரிக் அமிலம்' நானூத்திப் பன்னண்டு இடத்துல வருது. எல்லா இடத்துலயும் மத்தவங்க ஏற்கெனவே எழுதினது."

"அதோட பேரே அதுதான் மேடம்."

"பேரையே அடுத்தவங்ககிட்டேருந்து எடுத்தா எப்படி? உங்க சொந்த வார்த்தையில எழுதிக்கொண்டு வாங்க."

ஃபஸீலா நாலு நாள் உட்கார்ந்து எழுதினாள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்த இடமெல்லாம் "பட்டறைகளுக்கு நீலக் கேனில் அனுப்பப்படும், மூடியைத் திறந்தால் கண் எரியும் திரவம்" என்று மாற்றினாள். இரும்பு என்கிற சொல்லும் உலகத்தில் பலர் பயன்படுத்தியது என்பதால் "காந்தம் ஒட்டும் உலோகம்" ஆக்கினாள். ஒன்பது சதவீதத்துக்கு இறங்கியது.

ராதிகாவுக்கு மெத்த மகிழ்ச்சி. "இப்பத்தான் ஒரிஜினலா இருக்கு. ஆனா என்னன்னு ஒண்ணும் புரியலை. எனக்குப் புரியலைன்னா அது கெமிஸ்ட்ரிதான். சாரையே போய்ப் பாருங்க."

பன்னிரண்டு நாள் மிச்சம். அத்தாவின் கடைக்கு வந்து ஃபஸீலா கேன்களுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

"இந்தாம்மா, ஒரு எடத்துல நில்லு. கேன இட்ச்சிட்டுப் போறே" என்றார் நஜீர். "இன்னா சொல்றான் உன் ஆபீஸருங்க?"

"அவர் அவங்களதுங்கறார், அவங்க அவரதுங்கறாங்க."

"பாக்கட்டும் பாக்கட்டும். நீ டாக்டராவறதுக்குள்ள என்னிய டாக்டராண்ட அனுப்பிருவ போலக் கீது."

மறுநாள் அவள் நேராக ஆராய்ச்சி டீன் சண்முகசுந்தரத்திடம் போனாள். டீனுக்குப் பிரச்சினை என்றால் பிடிக்கும். பிரச்சினை இருந்தால்தான் குழு அமைக்கலாம். குழு அமைத்தால்தான் பேசலாம். அவர் எழுந்து நின்று, அறையில் ஒரே ஒருத்தி நிற்கிறாள் என்பதைப் பொருட்படுத்தாமல் பேசினார்.

"மகளே, இன்றைய உலகம் சங்கமங்களின் உலகம். துறைகளுக்கு இடையே சுவர்கள் தகர்ந்துகொண்டிருக்கின்றன. நமது பல்கலைக்கழகமும் தகர்க்கும். ஆனால் தகர்ப்பதற்கு முன்னால் சுவர் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக ஓர் எல்லை நிர்ணயக் குழுவை இந்தக் கணமே அமைக்கிறேன்."

குழுவில் மூன்று பேர்: டீன், வெற்றிச்செல்வன், ராதிகா. முதல் கூட்டத்தை யார் அறையில் நடத்துவது என்பதிலேயே இரண்டு நாள் போனது. வெற்றிச்செல்வன் ஷூவைக் கழற்ற மாட்டார். ராதிகா ஷூ அணிய மாட்டார். கடைசியில் இரண்டு கட்டடத்துக்கும் சரிநடுவில், தொண்ணூறாவது அடியில் நடத்துவது என்று ஏகமனதாக முடிவானது. தொண்ணூறாவது அடியில் சைக்கிள் ஷெட் இருந்தது. மூன்று பேரும் ஜூலை வெயிலில் தகரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிஸ்கட்டு மட்டும் இரண்டு துறையிலிருந்தும் வந்தது.

இரண்டு மணி நேர ஆலோசனைக்குப் பிறகு தீர்ப்பு: ஆய்வேட்டைப் பிரிப்பது. மூலக்கூறு, அமிலம், இரும்பு வருகிற பக்கங்கள் வேதியியலுக்கு. நிரல், வரைபடம், எண்கள் வருகிற பக்கங்கள் கணினிக்கு. தத்தம் பங்கைத் தத்தம் துறை மதிப்பிட்டு, பெரும்பங்கு யாருடையதோ அவர் கையெழுத்திடுவது.

கரையான்சாவடி பைண்டர் யூசுப் இருபத்தைந்து வருடமாக ஆய்வேடுகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தது இவள்தான் முதல் ஆள். "கட்டறதுக்குத்தாம்மா எனக்குத் தொழில் தெரியும். இத்த இன்னா, கேக்கு மாறி வெட்டணுமா?" என்றார். வெட்டிக் கொடுத்தார். ஒரே பக்கத்தில் மேலே அமிலமும் கீழே நிரலுமாக இருந்த பதினேழு தாள்களைக் குறுக்கே வெட்ட வேண்டியிருந்தது.

நாலு நாள் கழித்து அறிக்கைகள் வந்தன. வேதியியல் எழுதியது: "முடிவு உள்ளது. எப்படி வந்தது என்பது இல்லை. அரைகுறை." கணினி எழுதியது: "எப்படி வந்தது என்பது உள்ளது. எதற்காக என்பது இல்லை. அரைகுறை." இரண்டு அரைகுறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த டீன், கருத்தொற்றுமை ஏற்பட்டிருப்பதாகக் குறிப்பெழுதினார். பக்கங்களின் எண்ணிக்கை இரண்டு பங்கிலும் தலா நூற்று எட்டு.

ஐந்து நாள் மிச்சம். அன்றைக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. முப்பதாம் தேதி பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. இந்த வருடம் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள்: "துறைகளை இணைத்து நடக்கும் ஆராய்ச்சி உண்டா? இருந்தால் ஆளைக் காட்டவும்." அதற்கு நாற்பது மதிப்பெண்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்குள் வெற்றிச்செல்வன் கூப்பிட்டனுப்பினார். ஆய்வேட்டில் தன் பங்கை மறுபடி முகர்ந்தார். "இப்ப லேசா ஒரு வாசனை வருது பாரு," என்றார். ஃபஸீலா அவர் அறையிலிருந்து கிளம்பி, கணினிக் கட்டடத்தில் ஷூவைக் கழற்றுவதற்குள் ராதிகா வாசலுக்கே வந்துவிட்டார். "ஃபஸீலா, ஷூவோடவே வாங்க, பரவால்ல." கணினித் துறையின் வரலாற்றில் முதல் ஷூ அன்றைக்கு உள்ளே போனது.

ஆனால் கையெழுத்து? வெற்றிச்செல்வன் சொன்னார்: "முப்பதாம் தேதி எங்க துறை ஆளுன்னு குழு முன்னாடி நில்லு. அப்புறம் போடறேன்." ராதிகாவும் அதே. ஒருவர் பக்கம் நின்றால் மற்றவர் டீனிடம் ஆட்சேபம் எழுதுவார். ஆட்சேபம் தீர மாதக்கணக்காகும்.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு பட்டறைக்காரர் நஜீரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கேன் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். நஜீர் எழுந்துபோய் ஷட்டரைப் பிடித்துப் பாதி இறக்கினார். "இன்னா பாய், அதுக்குள்ள சாத்தற?" என்று பதறிய பட்டறைக்காரர் நாலு கேனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஃபஸீலா இதை ஆயிரம் தடவை பார்த்தவள். ஆனால் அன்றைக்கு அவள் கால் ஆடுவது சட்டென்று நின்றது.

மறுநாள் காலை மூன்றாம் எண் ஜன்னலில் போய், "பதிவை ரத்து பண்ற படிவம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

அமல்ராஜ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாத்துக்கு?"

"அம்பத்தூர்ல ஒரு பட்டறையில வேலைக்குக் கூப்பிடறாங்க. எந்தத் துறைன்னு கேக்கலை. போயிடறேன்."

படிவத்தை வாங்கி, நிரப்பாமல், கையில் பிடித்தபடி வளாகத்தை இரண்டு சுற்று நடந்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, டீன் அறையிலிருந்து ஆள் வந்தது. முப்பதாம் தேதி காட்டுவதற்கு வளாகத்தில் இருக்கிற ஒரே சங்கமம் நடையைக் கட்டப் பார்க்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? டீன் வியர்த்திருந்தார். வெற்றிச்செல்வனும் ராதிகாவும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

"எனக்குக் கையெழுத்து மட்டும் போதும் சார். யார் போட்டாலும் சரி," என்றாள் ஃபஸீலா.

இங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. ஷட்டரைப் பிடித்தால், வந்தவன் சொன்ன விலைக்கு வாங்குவான் என்பது கடைத்தெரு நியாயம். பல்கலைக்கழகத்தில் ஷட்டரைப் பிடித்தால் அவர்கள் புதிதாக ஒரு கடையே கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

டீன் எழுந்தார். "அவர் போட்டால் இவர் மனம் நோகும். இவர் போட்டால் அவர் மனம் நோகும். ஒரு பெண்ணுக்காக இரண்டு துறைகளின் மனம் நோவதைவிட, மூன்றாவதாக ஒரு துறையைத் தொடங்கிவிடலாம்."

முப்பதாம் தேதி காலை, சைக்கிள் ஷெட்டின் பாதியைத் தடுத்து வெள்ளையடித்து, "கணிப்பு வேதியியல் துறை" என்று பலகை மாட்டியிருந்தார்கள். தரையில் நடுவே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஷூ கட்டாயம், அந்தப் பக்கம் ஷூ கூடாது. மேஜை கோட்டின்மேல் இருந்ததால் ஃபஸீலா ஒரு காலில் மட்டும் ஷூவோடு உட்கார வேண்டியிருந்தது. குழுவினர் நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். டீன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இந்தத் துறை ஆசியாவிலேயே மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த ஆள்பலத்தோடு, மிகக் குறைந்த காலத்தில் தொடங்கப்பட்ட துறை. மூன்று நாளுக்கு முன்னால் இது இல்லை. நாளைக்கு இருக்குமா என்று யாரும் கேட்கக் கூடாது. இதற்குத் தலைவர் யார் என்று ஆலோசித்தோம். இத்துறையில் நிபுணராக இருக்க வேண்டும் என்பது விதி. வளாகத்தில் இத்துறை புரிந்தவர் ஒருவரே. ஆகவே செல்வி ஃபஸீலாவைப் பொறுப்புத் துறைத்தலைவராக நியமிக்கிறோம். தலைவருக்கு முனைவர் பட்டம் வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். அவருக்குப் பட்டம் தரலாமா என்பதை அவருடைய துறையே பரிசீலித்து முடிவு செய்யும். நாங்கள் தலையிட மாட்டோம். அதுதான் ஜனநாயகம்."

கைதட்டல். நாற்பது மதிப்பெண். குழுவினர் பிஸ்கட்டு சாப்பிட்டுவிட்டு விருந்தினர் விடுதிக்குக் கிளம்பினார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஃபஸீலா யூசுப்பிடம் ஓடி, வெட்டிய ஆய்வேட்டை மறுபடி கட்டச் சொன்னாள். ஒட்டுப்போட்ட பதினேழு தாள்களோடு அவர் கட்டி முடித்தபோது மணி மூன்று. ஆவடி பஸ் கூட்டத்தில் நசுங்கி, பாரிவாக்கத்துக்கு அப்பால் பல்கலைக்கழக வாசலில் இறங்கி, மூன்றாம் எண் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு பத்து.

"வாங்க மேடம்," என்றார் அமல்ராஜ். நேற்று வரை "இன்னாம்மா"வாக இருந்தவள். "பாருங்க, உங்க துறையக்கூட ஏத்திட்டாங்க." கணிப்பு வேதியியலைத் தொட்டார். மற்ற இரண்டும் அணைந்தன. கட்டத்துக்குள் சரியாக அடங்கியது. "துறைத்தலைவர் கையெயுத்து?"

"நான்தானே சார்." பேனாவை எடுத்தாள்.

அமல்ராஜ் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மேடம், விதி இருபத்தாறு. தலைவர் தன்னோட விண்ணப்பத்துல தானே கையெயுத்துப் போடக்கூடாது. ஊயல் ஆயிடும்ல."

"அப்ப வேற யார் போடறது? துறையில வேற ஆளே இல்லையே."

"அத்த துறைதான் முடிவு பண்ணணும்."

அவள் டீன் அறைக்கு ஓடினாள். டீன், தரமதிப்பீட்டுக் குழுவை வழியனுப்ப விமான நிலையம் போயிருந்தார். வெற்றிச்செல்வன், "வேற துறை விவகாரத்துல நான் தலையிடறது நாகரிகம் இல்லைங்க மேடம்," என்றார். ராதிகா, கதவைத் திறக்காமல் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். திரும்பி வந்தபோது மணி நாலு முப்பத்திரண்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"சார், மத்த தலைவர்களெல்லாம் இல்லாதப்ப அவங்க துறையில யார் போடறா?"

"தலைவரு லீவுன்னா துறையில மூத்த உறுப்பினரு 'தலைவருக்காக'ன்னு எயிதிப் போடலாம். பாதி கோப்பு அப்டித்தான் ஓடுது. ரெண்டு மணிக்கு மேல எந்தத் தலைவரு கீறாரு?"

"எங்க துறையில மூத்த உறுப்பினர் யாரு?"

அமல்ராஜ் பதிவேட்டைப் புரட்டினார். நிதானமாக, விரலை நாக்கில் தொட்டு. "ஃபஸீலா, ஆராய்ச்சி மாணவி, ஆறாம் வருசம். இளைய உறுப்பினரும் அவங்கதான்."

"தலைவர் லீவு போடணும்னா யார் அனுமதிக்கணும்?"

"அரை நாள்னா யாரும் வாணாம். எனக்கு ஒரு தகவல் குட்த்தா போதும்."

ஃபஸீலா ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கினாள். "பொறுப்புத் துறைத்தலைவர் ஃபஸீலா ஆகிய நான் சொந்த வேலை காரணமாக இன்று பிற்பகல் அரை நாள் விடுப்பில் செல்கிறேன்" என்று எழுதி உள்ளே தள்ளினாள். அமல்ராஜ் அதைப் படித்து, முத்திரை குத்தி, கோப்பில் கோத்தார். அடுத்து அவள் படிவத்தைக் கேட்டு வாங்கி, "துறைத்தலைவருக்காக, ஃபஸீலா, மூத்த உறுப்பினர்" என்று கையெழுத்திட்டு நீட்டினாள்.

அமல்ராஜ் விதிப்புத்தகத்தை எடுத்தார். இருபத்தாறாம் விதியை உதட்டை அசைத்துப் படித்தார். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். ஃபஸீலாவின் கால் சுவரில் மோதி மோதி அடித்தது. நாலு நாற்பத்தாறு.

"தலைவரு போடக்கூடாதுன்னு கீது," என்றார் கடைசியில். "தலைவரு இன்னிக்கி லீவுல கீறாரு. மூத்த உறுப்பினரு போடக்கூடாதுன்னு எங்கியும் இல்ல. எல்லாக் கட்டமும் ரொம்பிருக்கு."

ஆய்வேட்டை வாங்கி, எடை பார்ப்பவர் மாதிரி ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்து, முத்திரையைக் குத்தினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். நாலு நாற்பத்தெட்டு. ஆறு வருடம் உள்ளே போய்விட்டது. ஃபஸீலா எதிரே இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

"மேடம்."

திறந்தாள். அமல்ராஜ் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் தலை அந்த ஜன்னலுக்கு வெளியே வந்து அவள் பார்த்ததில்லை.

"லீவு போட்டுட்டு வளாகத்துலயே குந்திகினு இருந்தா லீவு செல்லாது மேடம். லீவு செல்லலன்னா, நீங்க தலைவரு. தலைவருன்னா கையெயுத்து செல்லாது. அஞ்சு மணிக்கு கேட்ல கணக்கு எடுப்பான், உள்ள யார் யாரு கீறான்னு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நூலகத்தைத் தாண்டி, வேதியியலைத் தாண்டி, தன் துறையான சைக்கிள் ஷெட்டைத் தாண்டி ஓடினாள். வெற்றிச்செல்வன் ஜன்னலில் நின்று பார்த்தார். ராதிகாவின் திரைச்சீலை அசைந்தது. காவலாளி எழுந்து சங்கிலியை அவிழ்த்து வழிவிட்டு, பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே "வெளியே" என்று எழுதினார். மணி நாலு ஐம்பத்தேழு.

ரோட்டோரத்தில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள் ஃபஸீலா. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, அவள் எங்கே இருக்கிறாள் என்பதில் பல்கலைக்கழகத்துக்குச் சந்தேகமே இல்லை.